நான்காம் நடைமேடையின் இரண்டாவது மணி

கிளம்புகிற பேருந்துக்கு ஒருமுறை மணி அடித்தால் போதாதா, இரண்டாவது எதற்கு? பள்ளிப் பையோடு நான்காம் நடைமேடையில் நின்ற நாட்களில் விடை தெரியாத கேள்வி இது. விடை, நிலையத்தின் மாடியில், கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது.

ஓட்டுநர்களுக்கு அவர் மணியக்கா. அறிவிப்பாளர். இடது கையில் ஆறிப்போன தேநீர், வலது கை விசைப்பலகையின் மேல் வரிசையில், கண் சன்னலுக்கு வெளியே. எஃப் ஒன்று முதல் எஃப் எட்டு வரை, ஒரு நடைமேடைக்கு ஒரு விசை. தட்டினால் அங்கே மணி ஒலிக்கும், வண்டி கிளம்பலாம். அந்த விசைகள் நான்கு நான்காக, நடுவே சந்து விட்டு இருக்கும். சந்துக்கு முந்தியது நான்கு. விரலுக்கே வழி தெரியும், குனிய வேண்டியதில்லை.

கண்ணுக்கு வேறு வேலை. மணி அடித்த பிறகு வாசலில் யாராவது மூச்சிரைக்க ஓடி வருகிறார்களா என்று பார்ப்பார். வந்தால் இன்னொரு தட்டு. இரண்டாவது மணி கேட்டால் ஓட்டுநர் வண்டியை நிறுத்திக் காத்திருப்பார். மேலதிகாரி காதுக்குப் போகாத ஏற்பாடு அது.

போன மழைக்காலத்தில் பழைய கணினி படுத்துவிட்டது. புதியதோடு வந்த விசைப்பலகை அட்டை போல மெலிசு. மேல் வரிசையையே காணோம்.

"எஃப் எல்லாம் எங்க தம்பி?"

"இப்ப வர்றதுல எடுத்துட்டாங்கக்கா. யாரும் தொடறதில்லையாம்," என்றார் பொருத்த வந்தவர். "இந்த ஓரத்துப் பட்டனை ஒரு கையால பிடிச்சுக்கிட்டு, நாலை அழுத்துங்க. எஃப் நாலு வந்துடும்."

"யாரும்னா யாரு? எங்கிட்ட வந்து கேட்டாங்களா? படிக்கட்டைப் பிடுங்கிட்டு மாடி வீடு கட்டுன கதையால்ல இருக்கு! பழசையே மாட்டிக் குடுங்க."

"அதோட வயர் முனை வட்டம்க்கா. புது கம்ப்யூட்டர்ல அந்த ஓட்டையே கிடையாது."

அன்று சாயங்காலமே வினை வந்தது. நான்காம் நடைமேடைப் பேருந்து பின்னோக்கி நகரும்போது வாசலில் ஒரு செவிலியர், செருப்பைக் கையில் பிடித்தபடி, மழையில் ஓடி வந்தார். மணியக்காவின் விரல் வழக்கமான இடத்துக்குப் போய் வெறும் மேசையைத் தட்டியது. தேநீரை வைத்தார், குனிந்தார், ஓரத்துப் பட்டனைத் தேடினார், அவசரத்தில் ஐந்தை அழுத்தினார்.

"எனக்கு எதுக்குக்கா ரெண்டு மணி? பொண்ணு பார்த்து வச்சிருக்கீங்களா?" என்று, ஏற்கெனவே ஒரு மணி கேட்டுக் கிளம்பிக்கொண்டிருந்த ஐந்தாம் நடைமேடை ஓட்டுநர் கீழேயிருந்து கத்தினார்.

மணியக்கா நிமிர்ந்தபோது நான்காம் நடைமேடை காலி. செவிலியர் நனைந்தபடி சன்னலை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அது அந்த வழியில் கடைசி வண்டி.

இரவு சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தார். "மணி அடிக்கிறதுக்கு மெஷின் போதும். ஓடி வர்றவங்களைப் பார்க்கத்தானே நான் இருக்கேன்? நானே குனிஞ்சுட்டா?" என்று கணவரிடம் கேட்டார்.

மறுநாள், தூக்கிப்போட வைத்திருந்த பழைய விசைப்பலகையிலிருந்து எஃப் நான்கை மட்டும் பெயர்த்தார். புதியதற்கு மேலே, விரல் தேடிப் போகும் அதே இடத்தில், வெறும் மேசைமேல் பசை போட்டு ஒட்டினார்.

கையெழுத்துப் போட மேலே வந்த ஐந்தாம் நடைமேடை ஓட்டுநருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அதை அழுத்தினா என்னக்கா ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது. நான் குனிய மாட்டேன்ல, அது போதும்."

முதல் மணிக்கு இப்போது இரண்டு கையும் கண்ணும் வேண்டியிருக்கிறது. அதை நிதானமாக அடித்துக்கொள்கிறார். இரண்டாவது மணி நின்றுபோய்விட்டது.

அந்த நிலையத்தில் கடைசி நொடியில் வண்டி பிடித்த யாரையாவது உங்களுக்குத் தெரிந்திருந்தால், இதைச் சொல்லிவிடுங்கள்: அன்று கேட்ட இரண்டாவது மணி தவறி அடித்ததல்ல. இனி ஓடும்போது மாடியை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். சன்னல் திறந்திருக்கும். ஒரு விரல் எதனோடும் இணையாத விசையைத் தட்டிக்கொண்டிருக்கும், பாதி உடம்பை வெளியே நீட்டி ஒரு குரல் கத்திக்கொண்டிருக்கும்: "நாலு! நில்லுப்பா, ஆள் வருது!"