மோதிரம் ஏன் வெளுத்தது?

பல் ஆஸ்பத்திரியில் பயப்படவேண்டியவர் நாற்காலியில் சாய்ந்திருப்பவர் மட்டும்தான் என்று நீங்களும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்களா? பக்கத்தில் தட்டு ஏந்தி நிற்கிற எங்களை யாரும் கணக்கில் வைப்பதில்லை. பாகூர் கடைத்தெருவில் ஒரு சின்ன கிளினிக்கில் ஆறு வருஷமாக நான் அசிஸ்டென்ட். பன்னிரண்டாவது வரை ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தேன். மிச்சத்தை அடுத்தவர் வாய்க்குள் பார்த்துப் படித்தேன். அப்படி விளக்குப் பிடித்துப் பிழைக்கிற என் இனத்தாருக்காகத்தான் இதை எழுதுகிறேன். எனக்கும், என்னோடு வேலை பார்க்கிற செல்வி அக்காவுக்கும் வந்த மறதியைப் பற்றிய விஷயம் என்பதால், மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

மருதாணி

சொத்தையைத் தோண்டி எடுத்தபிறகு பல்லை வெள்ளியால் அடைப்போம். பேர்தான் வெள்ளி, பாதிக்குப் பாதி பாதரசம். வெள்ளித் தூளையும் பாதரசத்தையும் சின்னக் கல்வத்தில் போட்டு அரைத்து, துணியில் கட்டிப் பிழிந்து, உள்ளங்கையில் உருட்டி டாக்டரம்மாவிடம் நீட்டவேண்டும். செல்வி அக்கா இருபத்திரண்டு வருஷமாக வெறுங்கையால்தான் உருட்டுகிறார். கிளவுஸ் போட்டால் பதம் தெரியாதாம். சப்பாத்தி மாவுக்குக் கிளவுஸ் போடுகிறோமா என்று நானும் கழற்றி வைத்துவிட்டேன்.

பனித்திட்டிலிருந்து வந்த மீன்கார அம்மா ஒருவர், வாயில் பஞ்சோடு எங்கள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பஞ்சை எடுத்ததும் கேட்டார்: "இன்னா கண்ணு, அது என் பல்லுக்கு மருந்தா, உன் கைக்கு மருதாணியா?"

ஓடிப்போனது

பாதரசம் கீழே ஒரு சொட்டு விழுந்தால் பத்தாகும். துடைப்பத்தால் கூட்டினால் நூறாகும். இது எனக்குக் கூட்டிய பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு நாற்காலியில் இருந்தவர் கரும்பு பயிர் வைத்திருக்கிற பெரியவர். நானும் அக்காவும் தரையில் மண்டிபோட்டு, செல்போன் டார்ச்சடித்து, பழைய கல்யாணப் பத்திரிகையைக் கிழித்து அதால் ஒவ்வொரு மணியாகத் தள்ளிக்கொண்டிருந்தோம். டாக்டரம்மா பல் குடைகிற மிஷினைக் கையில் பிடித்தபடி நின்றார். பாதி கிடைத்தது. மீதி நாற்காலியின் இரும்புக் காலுக்கு அடியில் போய்விட்டது. ஏசி அறை, ஜன்னலைத் திறப்பதில்லை. அது அங்கேயே குடியிருந்தது.

பெரியவர் திறந்த வாயை ஒரு நிமிஷம் மூடிக்கொண்டு சொன்னார்: "ஓடறத மொதல்ல புடிங்கம்மா. எம் பல்லு எங்கியும் ஓடாது."

யார் வூட்டு மோதிரம்

ஒருநாள் பாத்திரம் கழுவும்போது பார்த்தால், என் தங்க மோதிரம் வெள்ளையாக இருந்தது. சோப்பு போட்டேன், புளி போட்டேன், திருநீறு போட்டுத் தேய்த்தேன். அசையவில்லை. பழைய கிண்ணத்தின் அடிபோல மங்கலாகவே இருந்தது. மறைத்துவிடலாம் என்று விரலை மடக்கிக்கொண்டே சாம்பார் ஊற்றினேன். விரலை மடக்கிக்கொண்டு சாம்பார் ஊற்றினால் மாமியாருக்குத் தெரியாமல் போகுமா?

"ஒங்கப்பன் முலாம் பூசி ஏமாத்திட்டாரு பாத்தியா! அஞ்சாறு வருசமா பொறுத்து இப்ப பல்ல இளிக்குது" என்று ஆரம்பித்தார். எங்கப்பாவிலிருந்து என் பெரியப்பா வரைக்கும் போய்வந்தார். என் வீட்டுக்காரர் அப்பளத்தைக் கடித்து முடித்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "யம்மா, அது நிச்சயத்துக்கு நாம போட்ட மோதரம்."

பத்தர் கேட்ட கேள்வி

மாமியாரே வில்லியனூர்ப் பத்தரிடம் காட்டச் சொன்னார். எல்.கே.ஜி. படிக்கிற என் மகள் நிலாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நகைப் பட்டறைக்குப் போனேன். பத்தர் மோதிரத்தை வெளிச்சத்தில் ஒரு திருப்பு திருப்பினார். "பல்லு டாக்டர்கிட்ட வேலையா?" என்றார். தங்கம் பாதரசத்தைக் கண்டால் விடாதாம். இழுத்துப் பூசிக்கொள்ளுமாம். சூடு காட்டினால் பாதரசம் புகையாகப் போய் மஞ்சள் திரும்பிவிடும், ஆனால் அந்தப் புகை ஆகாது என்று சொல்லி, அடுப்பைப் பட்டறைக்குள் பற்றவைக்காமல் கொல்லைக்குத் தூக்கிக்கொண்டு போனார்.

"கையாலியா உருட்டறே?" என்றார். தலையாட்டினேன். அவர் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "பாப்பாவ தூர நிறுத்தும்மா. அப்படியே நீயும் தூர நில்லு."

பை கீது

பிள்ளை பெற்றவளுக்கு மறதி சகஜம் என்று நானும் நினைத்திருந்தேன். பாலை அடுப்பில் மறப்பேன், சாவியை ஃபிரிட்ஜில் வைப்பேன், எல்லாரும் செய்கிறதுதான். ஒரு சாயங்காலம் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். மிஸ்ஸிடம் பேசினேன். நிலாவின் பையை வாங்கி வண்டியில் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

மாமியார் வாசலில் நின்று வண்டியை மேலும் கீழும் பார்த்தார். "பை கீது, வாட்டர் பாட்டில் கீது. புள்ள எங்கடி?"

மூணு பாட்டில்

நிலா மிஸ்ஸோடு கேட்டிலேயே உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். எனக்குத்தான் அன்றிலிருந்து தூக்கம் போனது. அப்புறம்தான் செல்வி அக்காவைச் சரியாகக் கவனித்தேன். ஒரே ஆளை நாலு தடவை வாய் கொப்பளிக்கச் சொல்கிறார். பல்லைப் பிடுங்குகிற குறடு கேட்டால் கண்ணாடியைத் தருகிறார். கையெழுத்துப் போடும்போது பேனா ஆடுகிறது. கேட்டால், "உனுக்குப் புள்ள மறதி, எனுக்கு வயசு மறதி" என்று சிரிக்கிறார். அவருக்கு வயது நாற்பத்தாறு.

பத்தரிடம் போகும்முன் செல்போனில் எடுத்துவைத்திருந்த வெளுத்த மோதிரத்தின் போட்டோவை டாக்டரம்மாவிடம் காட்டினேன். எங்கள் இரண்டு பேர் மறதியையும் சொன்னேன். "மறதி இதனாலதான்னும் சொல்ல முடியாது, இதனால இல்லன்னும் சொல்ல முடியாது" என்றார். சொல்லிவிட்டு எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தார். இனிமேல் கையால் அரைப்பதில்லை, மூடிய குப்பியிலேயே கலக்குகிற மிஷின் வரும், நானும் அக்காவும் மூத்திரம் கொடுத்துப் பாதரசம் இருக்கிறதா என்று டெஸ்ட் பண்ணவேண்டும் என்றார். இரண்டு பாட்டில் வாங்கிவரக் கிளம்பினேன். டாக்டரம்மா தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "மூணா வாங்கு."

சீட்டு

செல்வி அக்கா முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "இருக்குதுன்னு வந்தா என்ன வூட்டுக்கு அனுப்பிடுவாங்கடி, வேற எந்த வேலை எனுக்குத் தெரியும்?" என்றார். டாக்டரம்மாவே கூப்பிட்டு, வேலை எங்கேயும் போகாது, வெள்ளிப் பக்கம் மட்டும் போகவேண்டாம் என்று சொன்னபிறகுதான் தலையாட்டினார். அதற்கப்புறம் மூன்று நாள் பாட்டிலைக் கொண்டுவர மறந்தார். நிஜமாக மறந்தாரா, வேண்டுமென்றே மறந்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கே தெரியவில்லை என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நாலாம் நாள் காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கே போனேன்.

பாட்டிலை ஜவுளிக்கடைப் பையில் சுற்றி, நிச்சயதார்த்தத் தாம்பூலம் மாதிரி இரண்டு கையாலும் நீட்டினார். இந்தத் தொழிலில் நான் கற்றது, தங்கத்துக்கு ஒன்று என்றால் ஊரே கூடிக் கேட்கும், அதைப் போட்டிருக்கிற விரலுக்கு ஒன்று என்றால் நாமேதான் வண்டி எடுத்துக்கொண்டு போகவேண்டும் என்பதுதான். வண்டியைத் திருப்பும்போது அக்கா ஓடிவந்து ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார்.

"ஏய், ரிசல்ட் வந்தா வாயால சொல்லாதடி, ஒரு சீட்டுல எழுதிக் குடு. சொன்னா மறந்துடுவேன்."