மினுக்கிய ரூபாயும் மினுக்காத ரூபாயும்

பழப்புளியும் உப்பும் சேர்த்து வெள்ளியில் தேய்த்தால் பல்லைக் கூசவைக்கும் ஒரு மணம் வரும். டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோவில் நாங்கள் இருந்த இரண்டாம் மாடி வீட்டின் சமையலறையில், நத்தாருக்கு முதல் நாளும் உயிர்த்த ஞாயிறுக்கு முதல் நாளும் அந்த மணம்தான். விக்டோரியா ராணியின் தலை போட்ட வெள்ளி ரூபாய் ஒன்றை அம்மா உள்ளங்கையில் வைத்து, பெருவிரல் சிவக்கும்வரை தேய்ப்பார். எண்பதுகளின் நடுப்பகுதி அது. ஜெர்மனியிலிருந்து யாராவது கொண்டுவந்தால்தான் எங்களுக்குப் பழப்புளி. குழம்புக்கே கிள்ளிப் போட்ட அந்தப் புளியில் ஒரு பங்கு காசுக்குப் போகும். இப்படித் தேய்ப்பதற்கு வீட்டில் "மினுக்கிறது" என்று பெயர்.

அந்த ரூபாய்க்கு ஒரு சோடி உண்டு. யாழ்ப்பாணத்தில் அம்மாவும் அவருடைய அக்காவும் ஒன்றாகப் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, எடுத்த நாளில் அவர்களுடைய தகப்பன் ஆளுக்கொன்றாகக் கொடுத்தது. நகைகளை விற்று நாட்டைவிட்டு வெளிக்கிட்டபோதும் இந்த இரண்டையும் அவர்கள் விற்கவில்லை. பெரியம்மா பக்கத்துக் கட்டடத்தில் இருந்தார். காசு எந்தத் தடித்த மண்ணிறக் கடதாசி உறையில் வந்ததோ அதே உறையில் அதை அப்படியே போட்டு வைத்திருந்தார். பக்தியாலும் இல்லை, கவனத்தாலும் இல்லை, வெறும் சோம்பல். "அக்கா ஒண்டையும் மினுக்க மாட்டா. பிறகு ஊத்தை பிடிச்சுப் போச்செண்டு ஊரெல்லாம் சொல்லுவா" என்று அம்மா சொல்லுவார்.

பெரியம்மாவின் மகள் ரெஜினா என் வயது, என் வகுப்பு. அவளுக்கு என்னைவிட நீளமான பின்னல், என்னைவிட நல்ல கையெழுத்து. வீட்டுக்கு வருகிற எல்லோரும் முதலில் அவளைத்தான் தூக்கிவைத்துக் கதைப்பார்கள். நான் அவளை வென்றது இரண்டில்தான். எனக்கு டேனிஷ் வேகமாக வந்தது. எங்கள் காசு மினுங்கியது.

வசந்தம் வந்தால் எங்கள் வகுப்பு முழுவதும் சைக்கிளில் கடலுக்குப் போகும். முந்திய வருடம் சைக்கிள் இல்லாத எங்கள் இருவரையும் ஆசிரியை தன் காரில் ஏற்றிக்கொண்டு எல்லோருக்கும் பின்னால் ஊர்ந்து போனார். பிள்ளைகள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அந்த அவமானம் இன்னொரு முறை வேண்டாம் என்று நான் சாப்பிடாமல் கிடந்து அழுதேன். அப்பாமாருக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு மண்டபத்தில் பழைய சாமான் சந்தை போட்டபோது, நாணயம் வாங்குகிறவர் ஒருவரும் அங்கே மேசை போட்டிருக்கிறார் என்று கேள்விப்பட்டு, பெரியம்மாவும் அம்மாவும் சைக்கிளுக்காக அந்தக் காசுகளை விற்க எடுத்துக்கொண்டு போனார்கள். மொழிபெயர்க்க என்னை முன்னால் தள்ளினார்கள்.

எங்கள் காசு முதலில் போனது. அந்த மனிதர் அதை விளக்கின் கீழ் ஒருமுறை சாய்த்தார், "ரென்ஸெட்" என்றார், தராசில் போட்டார். கழுவிய காசு, வெள்ளியின் நிறைக்குத்தான் எடுப்பேன் என்று அர்த்தம். பூதக்கண்ணாடியைத் தந்து என்னைப் பார்க்கச் சொன்னார். ராணியின் கன்னம் முழுவதும் மயிர் போன்ற கீறல்கள். அத்தனையும் உப்பு போட்டவை.

பெரியம்மா உறையிலிருந்து தன்னுடையதைக் கவிழ்த்தபோது அம்மாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. "அக்கா, ஒரு துண்டுப் புளி கேட்டிருந்தா நான் தந்திருப்பனே" என்று காதுக்குள் சொன்னார். அந்த மனிதரோ காசை இரண்டு விரலால் விளிம்பில் மட்டும் பிடித்துத் தூக்கினார், நடுவில் தொடவில்லை. தண்ணீரில் மண்ணெண்ணெய் விட்டால் விரியுமே, அப்படி நடுவில் பொன், அதைச் சுற்றி ரோசா, விளிம்பில் மயில் கழுத்து நீலம். பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டார். அவர் ஒரு விலை சொன்னார், இவர் கூட்டினார், அவர் மறுபடி கூட்டினார். அழுக்குக்கு ஏன் அடிபடுகிறீர்கள் என்று நான் கோபமாகவே கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார்: இது அழுக்கு இல்லை, கடதாசியில் இருக்கிற கந்தகம் வருடக்கணக்காக மெல்ல மெல்லப் போட்ட நிறம். காசைச் சாய்த்தால் நிறத்துக்கு அடியில் வெளிச்சம் சக்கரம்போலச் சுற்ற வேண்டும், அப்போதுதான் தோல் உரியாத காசு. சூடாக்கியும் மருந்து பூசியும் நிறம் ஏற்றுகிறவர்கள் உண்டு, ஆனால் அந்த நிறம் கீறலுக்குள்ளும் இறங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். ஒரே மாதிரி நிறம் இரண்டு காசில் வராது, அதனால் இதற்கு விலைப்பட்டியல் கிடையாது. ஆசைப்பட்ட இரண்டு பேர் கூட்டிக் கூட்டி எந்த இடத்தில் நிற்கிறார்களோ அதுதான் விலை.

இவ்வளவையும் என் வாயால் நான் தமிழில் சொல்லவேண்டி இருந்தது. குறைத்துச் சொல்லவும் வழியில்லை, ரெஜினா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பாத்தியே தங்கச்சி! சும்மா கிடந்ததுக்குத்தான் விலை" என்று பெரியம்மா மண்டபம் அதிரச் சிரித்தார்.

அம்மா தராசிலிருந்து எங்கள் காசைப் பறித்தெடுத்தார். "நிறைக்கு விக்கிறதுக்கு இது என்ன இறைச்சியே? வா பிள்ளை, போவம்."

ரெஜினாவுக்குச் சிவப்புச் சைக்கிள் வந்தது. பாவித்ததுதான், ஆனால் மூன்று கியர். எனக்கு, கட்டடத்தின் நிலவறையில் யாரோ விட்டுப்போன ஆம்பிளைச் சைக்கிள், கால் எட்டாது. கடலுக்குப் போகும் வழியெல்லாம் அவள் முன்னால் மணியடித்துக்கொண்டு போனாள், நான் எதிர்க்காற்றில் நின்றபடி மிதித்தேன். அவள் விழவேண்டும் என்று மனதார வேண்டினேன். அவள் விழவில்லை.

என் கலியாணத்துக்கு அம்மா அந்த ரூபாயை எனக்குத் தந்தார். அன்றே அதை ஒரு மண்ணிற உறையில் போட்டு மேசை இழுப்பறையில் வைத்து, இதில் யாரும் கைவைக்கக் கூடாது என்று சட்டம் போட்டேன். பல வருடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு விளிம்பில் பொன் வந்தது, ரோசா வந்தது, கடைசியில் ராணியின் தாடைக்குக் கீழே ஒரு கீற்று நீலமும் வந்தது. கழுவிய காசு கழுவிய காசுதான், வியாபாரி ஏமாறமாட்டான் என்று எனக்குத் தெரியும். எனக்கு வியாபாரி தேவையில்லை. ரெஜினா பார்த்தால் போதும்.

போன நத்தாருக்கு அவளை ஹோர்சன்ஸில் இருக்கிற என் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டேன். முதல் நாள் வேலையால் வந்தபோது கதவைத் திறந்ததுமே பழப்புளி மணம். என்னோடு இருக்கிற அம்மா, நடுங்குகிற கையால் காசைத் தேய்த்துத் தேய்த்து நிறம் எல்லாவற்றையும் தண்ணீரில் விட்டிருந்தார். "என்ன பிள்ளை, இப்பிடி ஊத்தை பிடிக்க விட்டிருக்கிறாய்? இப்பதான் காசு மாதிரிக் கிடக்கு." நான் கத்தினேன். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்க்குமளவுக்குக் கத்தினேன்.

அந்த மண்டபத்தை இடித்துவிட்டார்கள். சிவப்புச் சைக்கிள் எந்தப் பழைய இரும்புக்குள் போனதோ தெரியாது. பெரியம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். மறுநாள் வந்த ரெஜினாவுக்கு மேசையில் கிடந்த வெள்ளை வெளேர் காசைக் காட்டி, நடந்ததைச் சொல்லிப் புறுபுறுத்தேன். அவள் குனிந்து மணந்து பார்த்தாள்.

"சின்னம்மாவே மினுக்கினவ?"

"ஓம். வேற ஆர்?"

அவள் சிரிக்கவில்லை. "எங்கட காசை இப்ப ஆர் வச்சிருக்கினமோ. உனக்குக் காசும் கிடக்கு, அம்மாவும் இருக்கிறா."

அந்த முகத்தை எனக்குத் தெரியும். கடலுக்குப் போன அந்த வழி முழுவதும் அதை நான்தான் போட்டிருந்தேன். பாவமாக இருந்தது என்று எழுதினால் பொய். இனித்தது. ஒருக்கால் தா பார்ப்பம் என்று அவள் கையை நீட்டினாள். நான் காசை எடுத்து, உடனே கொடுக்காமல், என் கைக்குள் கொஞ்ச நேரம் பொத்தி வைத்திருந்தேன்.