நான் சகோதரராக இருந்த காலம்

கல்முனைக் கடைத்தெருவில், காசு கொடுத்து டெலிபோன் பேசும் ஒரு கொமியூனிகேஷன் கடைக்கு இண்டர்நெட் வந்தபோது, அந்தச் செய்தியை வீட்டுக்குக் கொண்டுவந்தவர் என் கணவர். தொண்ணூறுகள் முடியப்போகும் நேரம் அது. வெளிநாடுகளில் இருக்கும் தமிழர்கள் சிலர் ஈமெயிலில் ஒரு எழுத்தாளர் குழு நடத்துகிறார்கள், யாரும் சேரலாம், கதை அனுப்பினால் எல்லாரும் வாசித்துக் கருத்துச் சொல்வார்கள் என்று கடைக்காரர் அவரிடம் சொல்லியிருந்தார். நான் கொழும்புப் பத்திரிகைகளுக்குக் கதை அனுப்புவதும், அவை கிணற்றில் போட்ட கல்லாகக் கிடப்பதும் அவருக்குத் தெரியும்.

"புள்ள, இதுல அனுப்பினா பதில் வருமாம்" என்றார்.

பதில் வரும் என்ற அந்த ஒரு சொல்லுக்கே நான் விழுந்துவிட்டேன்.

கடையின் நடைமுறை இதுதான். நான் தாளில் எழுதிக் கொடுப்பேன். கணவர் வேலைக்குப் போகும் வழியில் அதைக் கடையில் கொடுப்பார். அந்தக் கணினியில் தமிழ் எழுத்து இல்லை. கடைக்காரர் தமிழை ஆங்கில எழுத்தில் அடித்து அனுப்புவார். பதிலும் அப்படியே வரும், அச்சடித்துக் கொடுப்பார். கடை முழுவதற்கும் ஒரே முகவரி. அதனால் எது யாருடையது என்று தெரிய மேலே ஒரு பெயர் போட வேண்டும். கடைத்தெருவில் வைத்து வீட்டுப் பெண்ணின் பெயரைச் சொல்லும் வழக்கம் எங்களிடம் இல்லை. தைக்கக் கொடுத்த சட்டைக்கும் ஆம்பிளை பெயர்தான். இத்தனைக்கும் நாங்கள் இருந்த வீடு உம்மாவும் வாப்பாவும் எனக்குக் கட்டித் தந்தது; கல்யாணம் முடித்து அதற்குள் வந்தவர் அவர். வீடு என்னுடையது, கதை என்னுடையது, பெயர் மட்டும் அவருடையது. அவர் யோசிக்காமல் தன் பெயரைக் கொடுத்தார், நானும் யோசிக்கவில்லை.

"சகோதரரே, வருக" என்று குழு என்னை வரவேற்றது. வாசித்துவிட்டு நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். அடுத்த தடவை திருத்தலாம் என்றிருந்தேன். ஆனால் அடுத்த தடவை வந்தது வேறு சங்கதி.

குழுவில் ஒருவர் இருந்தார். குளிர் நாடு ஒன்றில் வேலை செய்பவர், எல்லாரையும்விட மூத்தவர். என் முதல் கதையை வரிவரியாகப் பிரித்துப் போட்டிருந்தார். "சகோதரரே, கதை முடிந்த பிறகும் நீங்கள் எழும்பாமல் உட்கார்ந்து உபதேசம் செய்கிறீர்கள். வாசகன் ஓதப் பள்ளிக்கு வந்த பிள்ளையல்ல. கடைசிப் பந்தியை, அந்த உபதேச வரிகளை, வெட்டுங்கள்" என்று எழுதியிருந்தார். வாசித்ததும் என் காது சூடாகிவிட்டது. அன்று பகல் ஆணத்துக்கு உப்புப் போட மறந்தேன். யார் இவன், என் கதையை வெட்டச் சொல்ல? அஸர் தொழுகைக்குப் பிறகு அந்தப் பந்தியைக் கையால் மறைத்துக்கொண்டு கதையைத் திரும்ப வாசித்தேன். மனுசன் சொன்னது சரி. கதை எழும்பி நடந்தது.

அதன் பிறகு அவருடைய ஏச்சுக்காகவே காத்திருந்தேன். என்னை யாரும் அப்படி மதித்துத் திட்டியதில்லை. நான் எழுதுகிறேன் என்றால் எங்கள் ஊரில் ஒன்றில் "மாஷா அல்லாஹ்" என்பார்கள், இல்லையென்றால் "உனக்கு வேற வேலயில்லயா கா" என்பார்கள். இரண்டிலும் கதையை வாசித்தவர் எவருமில்லை. குழுவில் ஒரு விதியும் இருந்தது: மற்றவர்களின் கதைக்குக் கருத்து எழுதினால்தான் உங்கள் கதை வாசிக்கப்படும். நானும் எழுதினேன். "சகோதரர் கறாரானவர்" என்று பெயர் எடுத்தேன். அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது. திருத்தவேண்டிய பெயரைத் திருத்தாமல் விட்டதற்கு அதுதான் காரணம் என்பதைச் சொல்ல இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

பிறகு பிரசவ அறைக் கதையை எழுதினேன். வலியில் கிடக்கும் ஒரு பெண்ணுக்கு, அடுப்படியில் மீன் சட்டியை மூடினேனா இல்லையா என்பதே நினைவாக இருக்கும். பூனை வந்துவிடுமே என்று அங்கலாய்ப்பாள். அதற்கு அந்தக் குளிர் நாட்டுப் பெரியவர் எழுதினார்: "சகோதரரே, இது பிரசவ அறையை நடைபாதையில் நின்று கேட்டவர் எழுதிய கதை. உயிர் போகும் வலியில் எந்தப் பெண்ணும் மீன் சட்டியை நினைக்கமாட்டாள். பெண்களிடம் கேட்டு எழுதுங்கள்."

எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்ல! தாளை எடுத்து அதே சூட்டில் எழுதினேன். "நான் ஆம்பிளையில்லை. அந்த அறையில் இரண்டு தரம் கிடந்திருக்கிறேன். இரண்டாம் தரம் மீன் சட்டியைத்தான் நினைத்தேன். பூனை தின்றும்விட்டது." என் பெயரையும் ஊரையும் கீழே எழுதி, கணவரிடம் கொடுத்தேன். "கோவத்துல அனுப்பாத புள்ள" என்றார். நான் கேட்கவில்லை.

பதில்கள் வந்தன. ஒரு கட்டு. ஒருவர் விடாமல் எழுதியிருந்தார்கள். "சகோதரி, எங்களை மன்னியுங்கள்." "இந்தச் சூழலில் ஒரு முஸ்லிம் பெண் எழுதுவதே பெரிய காரியம்." "இவ்வளவு நல்ல தமிழ் எங்கே படித்தீர்கள்?" அந்தக் கடைசிக் கேள்வியை எத்தனை தரம் வாசித்தேனோ தெரியாது. என் உம்மா என்னைத் தாலாட்டிய பாஷையை நான் எங்கே போய்ப் படிப்பது? பெரியவரும் எழுதியிருந்தார். "தங்களைப் புண்படுத்தியதற்கு வருந்துகிறேன், சகோதரி." மீன் சட்டியைப் பற்றி ஒரு சொல் இல்லை. அது சரியா பிழையா என்று அவர் சொல்லவேயில்லை.

அன்றோடு என்னைத் திட்டுவதை எல்லாரும் நிறுத்திவிட்டார்கள். நான் எது அனுப்பினாலும் அருமை. மற்றவர்களின் கதையில் நான் குறை சொன்னால் "நன்றி சகோதரி" என்பார்கள். முன்புபோல என்னோடு மல்லுக்கு நிற்க ஒருவரும் இல்லை. நோயாளியைப் பார்க்க வந்தவர்கள் மாதிரி கால் நுனியில் நடந்தார்கள். புதிதாகச் சேர்ந்த ஒருவருக்குப் பெரியவர் இரண்டு பக்கம் நிறைய ஏசி எழுதியிருந்தார். அதே அச்சுத் தாளில் என் கதைக்கு ஒரே வரி: "சகோதரியின் முயற்சி பாராட்டுக்குரியது." அந்தப் புதியவர் மேல் எனக்கு வந்த பொறாமையை என்னவென்று சொல்ல.

அந்த வருடம் குழுவின் கதைகளில் நல்லவற்றைத் தெரிந்தெடுத்து ஒரு புத்தகம் போடப்போவதாக அறிவித்தார்கள். புத்தகம்! என் கதை ஒன்று அட்டைக்குள் இருக்க வேண்டும் என்பதைவிட அந்த நேரம் எனக்கு வேறு ஆசை இருக்கவில்லை. ஒரு கதை அனுப்பினேன். அதன் கடைசிப் பந்தியில் எனக்கே சந்தேகம் இருந்தது. பழைய வியாதிதான், எழும்பாமல் உட்கார்ந்து பேசும் வியாதி. வெட்டுவதா விடுவதா என்று என்னால் தீர்மானிக்க முடியவில்லை. பெரியவர் சொல்லட்டும், புத்தகக் கதைக்காவது வாய் திறப்பார் என்று அப்படியே விட்டேன்.

கதை தெரிவாகிவிட்டது. எல்லாரும் ஒரே முடிவாம். பெரியவர்தான் முன்மொழிந்தாராம். முன்னுரையில் என்னைப் பற்றித் தனியாக எழுதுகிறார்களாம், இருட்டிலிருந்து வந்த குரல் என்று. நான் இருந்த வீட்டில் இருட்டு ஒன்றும் இல்லை, கரண்ட் போகும் நேரம் தவிர.

கணவர் அந்த அறிவித்தலைப் போட்டோ கொப்பி எடுத்துத் தான் வேலை செய்யும் கந்தோரில் காட்டினார், பள்ளிவாசல் வாசலில் காட்டினார். என் கூடப்பிறந்த ராத்தா வட்டிலாப்பம் அவித்துக்கொண்டு வந்தா. "எங்கட புள்ளட பேர் வெளிநாட்டுப் புத்தகத்துல வருதாம்" என்று தெருவெல்லாம் கதை. என் பெயரைக் கடைத்தெருவில் சொல்லாத மனிதர் இப்போது அதைச் சொல்லாத இடமில்லை. அவர் முகத்தைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, ஓடி ஒளியவேண்டும் போலவும் இருந்தது.

மனம் கேட்காமல் பெரியவருக்கு மட்டும் தனியாக எழுதினேன். "ஐயா, முன்பு என் கடைசிப் பந்தியை வெட்டச் சொன்னீர்கள். இந்தக் கதையின் கடைசிப் பந்தி இருக்கலாமா? தயவுசெய்து என்னைத் திட்டுங்கள். புத்தகம் அச்சுக்குப் போகமுதல் திருத்தித் தருகிறேன்."

அடுத்த கிழமை பகல் சாப்பாட்டுக்கு வந்தபோது கணவர் பதிலைக் கொண்டுவந்தார். ஆங்கில எழுத்தில் தமிழ் வாசிக்க அவருக்கு ஏலாது, தலை சுற்றும் என்பார். எப்போதும் நான்தான் வாசித்துச் சொல்வது. சாப்பாட்டைக்கூடத் தொடாமல் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பெரியவர் நேர்மையானவர். சுருக்கமாக எழுதியிருந்தார். "சகோதரி, நீங்கள் கேட்டதால் பொய் சொல்ல விரும்பவில்லை. கதையை நான் முழுதாக வாசிக்கவில்லை. பெயரைப் பார்த்தேன், முன்மொழிந்தேன். மற்றவர்களும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். புத்தகம் அச்சுக்குப் போய்விட்டது. எப்படியும் அது உங்களுக்கு ஊக்கமாக இருக்கும்."

திரும்பவும் வாசிக்க எழுத்து கண்ணில் நிற்கவில்லை. தலையை நிமிர்த்த முடியாத அளவு வெட்கம். ஏமாந்த வெட்கம் மட்டுமல்ல. இந்த மனிதர் தெருவெல்லாம் கொண்டு திரிந்த தாளின் பெறுமதி இவ்வளவுதான் என்ற வெட்கம்.

"என்ன புள்ள, என்ன எழுதிரிக்காரு?"

"கத நல்லா இரிக்காம்" என்றேன்.

"நான் சொன்னன்தானே!" அவர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எந்த இடம் அவருக்கு ஆகலும் புடிச்சிரிக்காம்?"

நான் சோற்றுக் கோப்பையை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"கடைசிப் பந்தி" என்றேன்.