முன்வண்டிக்காரனின் பூட்ஸ்

லே நகரத்துக் கடைத்தெருவில் நுர்புவைத் தெரியாத மெக்கானிக் கிடையாது. கோடை தவறாமல் வெளியூர்க்காரர்களை மோட்டார் சைக்கிளில் கணவாய்களுக்கு மேலே கூட்டிப்போய், கை கால் முழுசாகத் திருப்பிக் கொண்டுவந்து விடுகிறவன். நிதானமானவன். எவன் வண்டியைப் போட்டு உடைத்தாலும் திட்டமாட்டான். ஆனால் தங்கை புருஷன் ஜிக்மெத்தின் காலைப் பார்த்தால் மட்டும் அவனுக்கு வயிறு எரியும். முகத்தைப் பார்த்து வந்த எரிச்சல் பழையது, ஏறக்குறைய ஆறிவிட்டது. காலைப் பார்த்து வந்தது புதுசு.

பழசை முதலில் சொல்லிவிடுகிறேன். நுர்பு இருபது வயதில் வீட்டில் நிற்காமல் லாரி ஓட்டப் போய்விட்டான். ஹேமியா கிராமத்தில் வீட்டையும் பார்லி வயலையும் பார்க்க ஆள் வேண்டுமே என்று அவன் அப்பா தங்கை யாங்டோலை வீட்டிலேயே வைத்துக்கொண்டு, ஜிக்மெத்தை வீட்டோடு மாப்பிள்ளையாகக் கொண்டுவந்தார். எங்கள் பக்கத்தில் இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. நுர்புவைக் கேட்டுத்தான் செய்தார்கள். அவனும் தலையாட்டினான், கல்யாணத்தில் விடிய விடிய ஆடினான். பிறகுதான் புரிந்தது, பிறந்த வீட்டில் அவன் இனி விருந்தாளி என்று. லேயில் ஒரு வாடகை அறை, அதில் ஒரு கட்டில். கல்யாணப் பேச்சு ஒன்றிரண்டு வந்தது, மாப்பிள்ளைக்கு வீடு எங்கே என்று கேட்டார்கள், அதோடு நின்றது. வயல் ஜிக்மெத்துக்கு, கறவை ஜிக்மெத்துக்கு, சரி. மோட்டார் சைக்கிளாவது நமக்கு என்று நுர்பு நினைத்துக்கொண்டிருந்தபோது, ஜிக்மெத் நுர்பு வழிகாட்டியாக இருந்த அதே சுற்றுலாக் கம்பெனியில் கோடை வேலைக்கு வந்து சேர்ந்தான்.

அந்த வேலையில் இரண்டு இடம் உண்டு. ஒருவன் முன்வண்டி, ஒருவன் பின்வண்டி. முன்வண்டிக்காரன் வழி பார்ப்பான், ஓடை வந்தால் வண்டியை நிறுத்திவிட்டுத் தண்ணீரில் இறங்கி நடப்பான், கல் எங்கே பள்ளம் எங்கே என்று காலால் தடவிப் பார்த்து, அக்கரையில் நின்று கை காட்டுவான். வந்தவர்கள் அவனைத்தான் படம் எடுப்பார்கள். பின்வண்டிக்காரன் எல்லோருடைய புழுதியையும் தின்றுகொண்டு வருவான், விழுந்தவர்களைத் தூக்குவான், பஞ்சர் ஒட்டுவான். நுர்பு வருஷக்கணக்காக முன்வண்டி. ஜிக்மெத் பின்னால். அது வரைக்கும் உலகம் ஒழுங்காக இருந்தது.

ஓடையில் நடக்கிறவனுக்கு நல்ல பூட்ஸ் வேண்டும். இங்கேதான் நுர்புவின் ஜாதகம் சரியில்லை. அவன் கால் முன்னால் முறம்போல அகலம், குதிகால் பக்கம் ஒடுக்கம். டெல்லியில் கரோல்பாக் முழுக்க அலைந்து வாங்கிய பூட்ஸ் கண்ணாடி மாதிரி மின்னியது, கடையில் எழுந்து நின்றபோது பிரமாதமாகவும் இருந்தது. வண்டியில் உட்கார்ந்து முட்டியை மடக்கியதும் கணுக்காலைக் கவ்வியது. மூக்கு அவ்வளவு தடிமன், கியர் நெம்புகோலுக்கு அடியில் நுழையவே இல்லை. அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பழைய ராணுவ பூட்ஸ் வாங்கினான். அதில் தண்ணீர் போகும், வராது. ரப்பர் பூட்ஸ் போட்டான், தண்ணீர் போகவில்லை, ஆனால் சாங் லா கணவாய் ஏறுவதற்குள் சைலன்சர் பட்டு ஒரு பக்கம் உருகி ஒட்டிக்கொண்டது. கடைசியில் ராணுவ பூட்ஸுக்கே திரும்பினான். சாயங்காலம் கூடாரத்தில் அதைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டுவதை ஒரு சடங்கு மாதிரி செய்வான்.

பயணம் முடிகிற கடைசி விருந்தில், வந்தவர்கள் தங்கள் சாமான்களில் ஒன்றை வழிகாட்டிக்கு விட்டுப்போவது இங்கே வழக்கம். கையுறை, மழைச்சட்டை, சில சமயம் ஹெல்மெட். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ரைனர் என்ற ஆஸ்திரியாக்காரர் தன் பூட்ஸை மேசைமேல் வைத்தார். பழுப்புத் தோல், கெண்டைக்கால் பாதி வரை உயரம், ஓடையில் நின்றாலும் உள்ளே ஒரு சொட்டு இறங்காது. முன்வண்டிக்காரருக்குத்தான், முதலில் நீங்கள் போட்டுப் பாருங்கள் என்றார் நுர்புவிடம்.

நுர்பு காலை நுழைத்தான். நுழையவில்லை. நுழையாது; மேலே கம்பளி சாக்ஸ், உள்ளே இன்னொரு கம்பளி சாக்ஸ், நாள் முழுக்கக் கணவாயில் வீங்கிய கால். மேல் சாக்ஸைக் கழற்றினால் போதும் என்று அவனுக்கே தெரியும். ஆனால் உள் சாக்ஸில் ஓட்டை. கட்டைவிரல் முழுசாக வெளியே நின்றுகொண்டிருந்தது. பன்னிரண்டு பேர் வெளியூர்க்காரர்கள், சமையல்காரன், முதலாளி, எல்லோர் கண்ணும் அவன் காலில். சின்னதாக இருக்கிறது என்று சொல்லி நுர்பு காலை இழுத்துக்கொண்டான். ஜிக்மெத் சாக்ஸைக் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்காலை விட்டான். வழுக்கிக்கொண்டு போனது. எல்லோரும் கைதட்டினார்கள், நுர்புவும் தட்டினான்.

அடுத்த கோடையில் முதலாளி ரொம்ப நியாயமாகத்தான் சொன்னார். கால் நனையாதவன் ஓடையில் இறங்கட்டும், நுர்பு பின்னால் வரட்டும், விழுந்தவர்களைத் தூக்க அனுபவம் வேண்டுமே என்றார். இடம் மாறிவிட்டது. அன்றிலிருந்து நுர்பு புழுதி தின்றான். புழுதிக்கு அந்தப் பக்கம் ஜிக்மெத் நடக்கிற நடை அவனுக்கு விஷமாக இருந்தது. பூட்ஸ் வந்த பிறகு அவன் நடையே மாறியிருந்தது, காலைத் தூக்கித் தூக்கி, தரையை உதைத்து உதைத்து வைத்தான். தலைக்கனம் காலுக்கு இறங்கிவிட்டது என்று நுர்பு சமையல்காரனிடம் சொல்வான். அறையில் படுத்தால் அந்த ஒற்றைச் சாக்ஸ்தான் நினைவுக்கு வரும். கழற்றியிருந்தால்? நுழைந்திருக்குமா? இந்தக் கேள்வி இரண்டு குளிர்காலம் அவனைத் தின்றது.

இந்த ஆகஸ்டில் புனேக்காரர்கள் ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு ஏரிக்கரை ஊரான கர்சோக் போனார்கள். அங்கிருந்து திரும்பக் கிளம்புகிற அன்று காலையில் ஊர் மடாலயத்துக்குள் எல்லோரும் நுழைந்தார்கள், வாசலில் பூட்ஸ் வரிசையாக நின்றது. உள்ளே விளக்கு முன்னால் குனிந்தபோதும் நுர்புவின் மனசு வாசலில்தான் இருந்தது. பிரார்த்தனை முடியும் முன்பே மெதுவாக வெளியே வந்தான். நல்ல வெயில், காலில் ஒரே அடுக்காக மெல்லிய சாக்ஸ். சுற்றிப் பார்த்தான். ஒரு நாய் தூங்கியது. ஜிக்மெத்தின் பூட்ஸை எடுத்துக் காலில் மாட்டினான்.

அகலமான இடத்தில் அகலம், ஒடுக்கமான இடத்தில் ஒடுக்கம். விரல்கள் ஐந்தும் தங்கள் இடத்தில் போய் உட்கார்ந்தன. இருந்தும் அவன் சும்மா நின்று பார்த்து ஏமாறுகிற ஆள் இல்லை இப்போது. நேராக வண்டிக்குப் போய் ஏறி உட்கார்ந்தான். முட்டியை மடக்கினான், கவ்வவில்லை. கியரைத் தட்டினான், பூட்ஸின் மூக்கு வழி கேட்காமல் அடியில் போய் ஏற்றியது, இறக்கியது. நுர்புவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இது எனக்கு வந்த பூட்ஸ், ஒரு ஓட்டைச் சாக்ஸுக்காக விட்டேனே என்று வாய்விட்டே சொன்னான்.

"அளவு சரியா இருக்கா மச்சான்?"

ஜிக்மெத் வெறும் சாக்ஸோடு படியில் நின்றுகொண்டிருந்தான். நுர்புவுக்குக் காது வரை சுட்டது. வண்டியை விட்டு இறங்கவும் முடியவில்லை, இறங்காமல் இருக்கவும் முடியவில்லை.

"சும்மா பாத்தேன் மாப்ளே. கழட்டிடறேன்."

"வேண்டாம், போட்டுக்குங்க. எனக்கு அது ரெண்டு சைஸ் பெருசு."

நுர்பு நம்பவில்லை. ஜிக்மெத் பக்கத்தில் வந்து பூட்ஸின் வாய்க்குள் விரல் விடச் சொன்னான். பின்பக்கம், மேலிருந்து குதிகால் வரை கம்பளி மடித்து வைத்துத் தைத்திருந்தது. பிறகு தன் சாக்ஸை இறக்கிக் காட்டினான். இரண்டு குதிகாலிலும் கொப்புளம் உடைந்து காய்ந்து, அதன் மேலேயே மறுபடி உடைந்திருந்தது. காலைத் தூக்கித் தூக்கி வைத்தது தலைக்கனம் இல்லை, பூட்ஸ் கழன்றுவிடாமல் இருக்க.

"பைத்தியமா உனக்கு? அன்னிக்கே பெருசுன்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

ஜிக்மெத் சாக்ஸை மேலே இழுத்துவிட்டான். "உங்க வீட்டுக்கு வந்து பதினாலு வருஷம் ஆச்சு மச்சான். சுவர் இடிஞ்சு நான் கட்டினா, நுர்பு இருந்தா இன்னும் நேரா கட்டியிருப்பான்பார் மாமா. ஆடு குட்டி போட்டா நுர்பு கைராசிம்பாங்க, நீங்க லேயில இருப்பீங்க. ஊர்ல இன்னிக்கும் நான் நுர்பு வீட்டு மாப்பிள்ளை. நீங்க ஏங்கிப் பாக்கற மாதிரி என்கிட்ட ஒண்ணே ஒண்ணு இருந்தது. அதைப் போயி பெருசா இருக்குன்னு எப்படிக் குடுக்கறது?"

தன்னைப் பார்த்து ஒருவன் பொறாமைப்படுவான் என்று நுர்பு கனவில்கூட நினைத்ததில்லை. பூட்ஸைக் கழற்றி வைப்பதுதான் மரியாதை என்று தோன்றியது. ஆனால் கால் கழற்றச் சம்மதிக்கவில்லை.

"இன்னிக்கு நீங்க முன்னால போங்க," என்று சொல்லிவிட்டு ஜிக்மெத் நுர்புவின் ராணுவ பூட்ஸில் காலை விட்டான். அது அவனுக்கு எப்படி இருந்தது என்று நுர்பு கேட்கவில்லை.

புனேக்காரர்கள் ஏரியைப் படம் எடுத்து முடிப்பதற்குள் உச்சி தாண்டிவிட்டது. வெயில் ஏற ஏற மேலே பனி உருகி, மத்தியானத்துக்கு மேல் வழியிலுள்ள ஓடை இரண்டு மடங்காகும். நுர்பு இறங்கி நடந்தான். இரண்டு வருஷத்துக்குப் பிறகு முன்வண்டிக்காரனாக, கால் துளி நனையாமல். அக்கரையில் நின்று கை காட்டினான். ஐந்து பேர் ஒழுங்காக வந்தார்கள். ஆறாவதாக வந்த பல் டாக்டர் அவன் காட்டிய வழியை விட்டு ஆழத்தில் போய் வண்டியோடு சாய்ந்தார்.

முன்வண்டிக்காரன் திரும்பத் தண்ணீரில் இறங்கக் கூடாது, அக்கரையில் இருப்பவர்களை விட்டு நகரக் கூடாது. அது சட்டம், நுர்பு தானே பல பேருக்குச் சொன்ன சட்டம். பின்வண்டிக்காரன் ஜிக்மெத் இறங்கினான். டாக்டரை முதலில் கரையேற்றினான், பிறகு வண்டியை நிமிர்த்தினான். எஞ்சின் தண்ணீர் குடித்துவிட்டது. முட்டி அளவு பனித்தண்ணீரில் நின்று தள்ளினான், வழுக்கினான், மறுபடி தள்ளினான். அந்த பூட்ஸில் போன தண்ணீர் வராது என்று நுர்புவுக்குத் தெரியாதா? பாவமாக இருந்தது. கூடவே, இப்போது தெரிகிறதா மாப்ளே என்று உள்ளே ஒரு குரல் சந்தோஷமாகக் கேட்டது. அதையும் மறைக்க வேண்டியதில்லை.

பொழுது சாய்வதற்குள் ஹேமியா போய்ச் சேர்ந்தார்கள். புனேக்காரர்களுக்கு வயல் ஓரம் கூடாரம், நுர்புவுக்கும் ஜிக்மெத்துக்கும் வீடு. வாசலில் பூட்ஸைக் கழற்றி வைத்தபோது நுர்பு அதைக் கையால் துடைத்து, கொஞ்சம் தள்ளி, தனியாக வைத்தான். உள்ளே அடுப்பறையில் அடுப்பை ஒட்டிய முதல் இடம் அவனுடையது. வீடு கைவிட்டுப் போன பிறகும் அவன் வரும்போதெல்லாம் அந்த இடத்தை மட்டும் யாரும் தொட்டதில்லை. அப்பா அடுத்து உட்காருவார், ஜிக்மெத் கடைசியில், கதவுப் பக்கம். நுர்பு வழக்கம்போலப் போய் உட்கார்ந்தான்.

பின்னாலேயே வந்த ஜிக்மெத்தின் கால் தரையில் ஈரமாகப் பதிந்தது. யாங்டோல் அதைப் பார்த்தாள். குனிந்து அவன் காலைத் தொட்டவள் கையை வெடுக்கென்று எடுத்தாள். நீலம் பாரித்திருந்தது.

"பூட்ஸ் எங்க?"

"மச்சானுக்குக் குடுத்துட்டேன். அவருக்குத்தான் அளவு."

அவள் திரும்பி அண்ணன் காலைப் பார்த்தாள். "உனக்கு நனையலையாண்ணே?"

"நனையலைம்மா."

"அப்ப கொஞ்சம் தள்ளிக்க. இவர் அடுப்புகிட்ட உக்காரட்டும்."

அப்பா தானும் ஓர் இடம் நகர்ந்துகொண்டார். நுர்பு எழுந்து, வரிசையில் கீழே போய், கதவுப் பக்கம் உட்கார்ந்தான். யாங்டோல் ஆப்ரிகாட் கொட்டை எண்ணெயைச் சூடாக்கி எடுத்துவந்து, புருஷன் காலை மடியில் வைத்துக்கொண்டு தேய்க்க ஆரம்பித்தாள். புத்தி கெட்ட மனுஷன், இருந்த ஒரு நல்ல பூட்ஸையும் தூக்கிக் குடுத்தாச்சா என்று திட்டிக்கொண்டே கொப்புளத்தைச் சுற்றி மெதுவாகத் தடவினாள். ஜிக்மெத் வலிக்கிறது என்று நெளிந்தான். அப்பா சிரித்தார். நெருப்பைக் கிளறி இன்னும் கொஞ்சம் சாணி வறட்டி போடச் சொன்னார், நம்ம பையனுக்கு நடுங்குது என்றார்.

நம்ம பையன். அவரிடமிருந்து அந்த வார்த்தை வந்து நுர்பு கேட்டது அதுதான் முதல் தடவை, அது தன்னைச் சொன்னதில்லை என்று புரிய ஒரு கணம் ஆனது.

யாரோ வெண்ணெய்த் தேநீரை அவன் கையில் கொடுத்தார்கள். கதவிடுக்கில் காற்று வந்தது. அவன் கால் இரண்டும் உலர்ந்து, கதகதப்பாக, ஒரு சுருக்கம்கூட விழாமல் இருந்தன. அவற்றைப் பாயின் அடியில் மடக்கி வைத்துக்கொண்டு, நுர்பு அந்த நீலம் பாரித்த காலையே பார்த்துக்கொண்டிருந்தான். வயிறு எரிந்தது.