மதர்போர்டில் ஒட்டிய சிவப்பு அம்பு

எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்ததும் அம்மாவின் நாற்காலி போனதும் ஒரே மாதத்தில்தான். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்பதும், அந்தச் சம்பந்தம் என் வாய்தான் என்பதும் எனக்கு உறைக்கப் பல வருஷம் ஆயிற்று. அப்போது நான் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தேன். என்னைவிடக் கெட்டிக்காரி திருவள்ளூரிலேயே கிடையாது என்று நினைத்துக்கொண்டிருந்த வயது.

நாற்காலி என்றால் வீட்டு நாற்காலி இல்லை. அம்மா காக்களூர் தொழிற்பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனிக்கு வேலைக்குப் போனாள். ஸ்டெபிலைசருக்குள் வைக்கிற சர்க்யூட் போர்டு செய்கிற இடம். மற்ற பெண்களெல்லாம் நாள் முழுக்க நின்றுகொண்டு வேலை செய்ய, செக்கிங் மேசையில் மூன்று பேருக்கு மட்டும் நாற்காலி உண்டு. ஆறு வருஷம் நின்று, கால் நரம்பெல்லாம் புடைத்துக்கொண்ட பிறகுதான் அம்மாவுக்கு அதில் ஒன்று கிடைத்தது. லென்ஸ் விளக்குக்குக் கீழே ஒவ்வொரு போர்டாக வைத்துப் பார்க்க வேண்டும். பற்றவைத்த இடம் சரியில்லை என்றால் அங்கே குட்டியாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். அம்மா ஒட்டிய அம்பு தப்பாகப் போனதே இல்லை என்று கம்பெனியில் பேர்.

மிச்சம் மீதி ஸ்டிக்கர் பட்டைகள் வீட்டுக்கு வரும். எங்கள் வீட்டில் யார் என்ன தப்பு செய்தாலும் அங்கே ஒரு அம்பு விழும். அண்ணன் சட்டையில் பொத்தான் இல்லாத இடத்தில் ஒன்று, அவனுடைய மார்க் ஷீட்டில் மூன்று. அப்பாவுக்குக் கும்மிடிப்பூண்டியில் இரும்பு ஆலையில் வேலை, வாரத்துக்கு ஒரு நாள்தான் வீட்டுக்கு வருவார். வந்து அசந்து தூங்கியவரின் வழுக்கையில் நான் ஓர் அம்பை ஒட்டிவிட, அதோடு அவர் டீக்கடைக்குப் போய் வந்தது தனிக் கதை. "உங்கம்மா கண்ணுக்குத் தப்பி இந்த ஊட்டுக்குள்ள ஒரு கொசு வர முடியாது" என்பார் அவர்.

அண்ணன் பாலிடெக்னிக்கில் முதல் வருஷம். கடையில் விற்கிற கம்ப்யூட்டர் வேண்டவே வேண்டாம், பார்ட் பார்ட்டாக வாங்கித் தானே மாட்டப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தான். ஆயுத பூஜைக்குள் முடித்து அதற்கும் பொட்டு வைக்க வேண்டும் என்று சபதம். எல்லாம் சேர்ந்துவிட்டது, அதையெல்லாம் மேலே மாட்டுகிற மதர்போர்டு மட்டும் முடிவாகவில்லை. எந்தப் போர்டில் என்ன இருக்கிறது என்று ஒரு நோட்டு முழுக்க எழுதி வைத்திருந்தான். பரீட்சைக்கு அவ்வளவு எழுதியிருந்தால் அந்த மூன்று அம்புகள் விழுந்திருக்காது. "ப்ராசஸர அப்பறம் மாத்திக்கலாம், ராம் அப்பறம் ஏத்திக்கலாம். போர்டு மட்டும் தப்பாப் பூடுச்சுன்னா எல்லாமே பேஜாருமா" என்று அம்மாவைத் தொணதொணத்தான். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்று பேரும் கிளம்பினோம்.

இதற்கு நடுவில் இன்னொன்று சொல்ல வேண்டும். அந்த வருஷம் அம்மா என்னோடு ஒரு விளையாட்டு ஆரம்பித்திருந்தாள். ஊசியில் நூல் கோக்கச் சொல்வாள். மாத்திரை அட்டையில் இருக்கிற தேதியைப் படிக்கச் சொல்வாள். அரிசியில் கல் பொறுக்கப் பக்கத்தில் உட்கார்த்திக்கொள்வாள். "உன் கண்ணு எப்புடி கீதுன்னு பாக்கறேன்" என்பாள். எல்லாவற்றிலும் எனக்கு நூற்றுக்கு நூறு. தனக்கு அப்புறம் அந்த நாற்காலியில் என்னை உட்காரவைக்கத்தான் அம்மா இப்படித் தயார் பண்ணுகிறாள் என்று நானாக முடிவு செய்துகொண்டேன்.

கடை தேரடிப் பக்கம் ஒரு மாடியில் இருந்தது. கடைக்காரர் இரண்டு போர்டுகளை எடுத்து வைத்தார். ஒன்று, சீல் பிரிக்காதது, ராம் போட இரண்டே இடம். இன்னொன்று கறுப்பும் சிவப்புமாக, ராமுக்கு நாலு இடத்தோடு, அண்ணன் நோட்டின் முதல் பக்கத்தில் இருந்த அதே போர்டு. அதைப் பார்த்ததும் அவன் எச்சில் விழுங்கியது எனக்கே கேட்டது.

"இது ஒரே பீஸு. ஷோவுக்குப் பிரிச்சது, அதான் வெல கம்மி" என்றார் கடைக்காரர். "நல்லாப் பாத்து எட்த்துக்கோங்க. ஊட்டுக்குப் போய்ட்டு பின்னு வளஞ்சி கீதுன்னு வந்தா நான் பொறுப்பு இல்ல."

ப்ராசஸர் உட்காருகிற சதுரத்தைத் திறந்து காட்டினார். உள்ளே ஆயிரத்துக்கு மேல் கம்பிகள், முடியைவிட மெல்லிசாக, வரிசை வரிசையாக ஒரே பக்கம் சாய்ந்து நின்றன. ஒன்று வளைந்தாலும் ஆபத்து என்று அண்ணன் முன்பே சொல்லியிருந்தான். அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "எங்கம்மா செக்கிங்ல கீறாங்கண்ணா. அவங்க பாப்பாங்க" என்றான்.

அம்மா கம்பிகளில் விரல் படாமல் போர்டின் ஓரத்தைப் பிடித்து, ட்யூப்லைட்டுக்கு நேராகச் சாய்த்தாள். கிட்டே கொண்டுவந்தாள், எட்டப் பிடித்தாள், மறுபடியும் கிட்டே கொண்டுவந்தாள். ஆகா, தொழில் தெரிந்தவர்கள் இப்படித்தான் பார்ப்பார்கள் போலிருக்கிறது என்று நான் அசந்து நின்றேன். வெகுநேரம் கழித்து, "நல்லா கீது" என்றாள். அண்ணன் முகமெல்லாம் பல். ஆனால் அம்மா போர்டை அவனிடம் கொடுக்கவில்லை. "இந்தா, நீயும் ஒரு தபா பாரு" என்று என்னிடம் நீட்டினாள்.

எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. மூன்றாவது வரிசையில், எல்லாக் கம்பியும் மினுங்குகிற இடத்தில், ஒன்று மட்டும் மினுங்காமல் கிடந்தது.

"மா, இங்க ஒண்ணு படுத்துக்கினு கீது!"

சொன்னதோடு விட்டேனா? என் பையில் இருந்த ஸ்டிக்கர் பட்டையை எடுத்து, சதுரத்துக்குப் பக்கத்தில் ஓர் அம்பையும் ஒட்டினேன்.

"ஏ பாப்பா, இன்னா ஒட்டற?" என்று பாய்ந்து வந்த கடைக்காரர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். "அட, ஆமா! பொண்ணுக்குக் கழுகுக் கண்ணு."

அம்மா அந்த அம்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். அம்பு அவளுக்குத் தெரிந்திருக்கும். அது காட்டிய கம்பி தெரிந்திருக்காது. "ஆமா, படுத்துக்கினுதான் கீது" என்றாள்.

கனவுப் போர்டு கைநழுவியதற்கு அண்ணன் ஒரு பாட்டம் ஆடித் தீர்ப்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் அம்மாவின் முகத்தையே பார்த்தான். பிறகு இரண்டு இடம் இருந்த போர்டையே வாங்கிக்கொண்டான். ஷேர் ஆட்டோவில் வரும்போது என் காதருகே குனிந்து, "கடைல நடந்தத யார்கிட்டயும் சொல்லாத, இன்னா?" என்றான். ஏன் என்று கேட்டேன். "சொல்லாதன்னா சொல்லாத." தங்கைக்குப் பேர் கிடைப்பதில் பொறாமை, வேறென்ன!

ஆயுத பூஜை வரைக்கும் யாரிடமும் சொல்ல முடியாமல் வயிறு உப்பிப் போய்த்தான் கிடந்தேன். பூஜைக்குக் கம்பெனியில் குடும்பத்தோடு வரச் சொல்வார்கள். மெஷினையெல்லாம் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பொரியும் சுண்டலும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா தன் லென்ஸ் விளக்குக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள். எல்லோரும் மேடம் என்று கூப்பிடுகிற சூப்பர்வைசர் அம்மா என் கன்னத்தைத் தட்டி, "இன்னா பாப்பா, ஊட்ல கம்ப்யூட்டர் வாங்கிட்டீங்களாமே? அம்மாதான் பாத்து எட்த்தாங்களா?" என்று கேட்டார்.

கேட்டுவிட்டார்களே! பிறகு என்னை யார் பிடித்து நிறுத்துவது? "இல்ல மேடம். அம்மா நல்லா கீதுன்னு சொல்ட்டாங்க. நான்தான் கண்டுபுட்ச்சேன்" என்று ஆரம்பித்து, ஊசி, மாத்திரை அட்டை, அரிசிக் கல் என்று ஒன்று விடாமல், நாலு மெஷின் தள்ளி நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். பெண்கள் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராக நிறுத்திக்கொண்டார்கள். மேடம் எனக்கு இன்னொரு கை பொரி அள்ளிப் போட்டார். அம்மா விளக்கில் வைத்த பொட்டை அழித்துவிட்டு மறுபடியும் வைத்தாள்.

அந்தக் கம்பெனியில் கண் மங்கியவர்களைச் செக்கிங் மேசையில் வைத்திருக்க மாட்டார்கள். கண்ணாடி போட்டாலும் நாற்காலியை விட்டு எழுப்பிவிடுவார்கள். இது எங்கேயும் எழுதி ஒட்டவில்லை, ஆனாலும் எல்லோருக்கும் தெரியும். அண்ணனுக்கும் தெரியும். எனக்குத்தான் தெரியாது. இன்றைக்கு நினைத்தாலும் இந்த நாக்கைப் பிடுங்கிப் போட்டால் என்ன என்று இருக்கிறது. அம்மா என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை, அன்றும் சரி, அப்புறமும் சரி.

அடுத்த வாரமே அம்மா பாக்கிங்குக்குப் போனாள். முதல் நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் கைவிட்டு ஒரு மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டாள். பிறகு உப்பு போட்ட வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கண்ணாடி அவளுக்கு நன்றாகத்தான் இருந்தது. கம்பெனியில் கொடுத்திருப்பார்கள் என்று நினைத்தேன். அண்ணன் புதுக் கம்ப்யூட்டருக்கு முன்னால் திரும்பாமல் உட்கார்ந்திருந்தான்.

"ஸ்டிக்கர் எங்கம்மா?" என்றேன்.

"பாக்கிங்ல ஸ்டிக்கரெல்லாம் கெடயாதுடீ."

"அப்போ அம்பு?"

"பொட்டி மேலயே அச்சடிச்சு வந்துடுது. ரெண்டு அம்பு, மேல பாத்த மாதிரி."

"பெருசாவா?"

"பெருசுதான். உள்ளங்கை அகலம் இருக்கும்."

அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டான். நான் என் உள்ளங்கையை விரித்து அளந்து பார்த்தேன். எறும்பளவு அம்பிலிருந்து ஒரேயடியாக இவ்வளவு பெரிய அம்பு, அதுவும் பெட்டிக்கு இரண்டு! மறுநாள் பள்ளிக்கூடத்தில், எங்கம்மாவுக்குப் பிரமோஷன் கிடைத்துவிட்டது என்று வகுப்பு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.