ஏழாவது டேப்

இதைப் படித்துப் பாதிப் பேர் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். நடந்தது நள்ளிரவில்கூட இல்லை. செவ்வாய்க்கிழமை, பட்டப்பகல், வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. நடந்தது எனக்குத்தான். ஒரு சொல்கூடப் புளுகு கிடையாது.

பழைய ஒலிநாடாக்களைச் சுத்தம் செய்வது என் வேலை. அந்தக் காலத்தில் ஒருத்தரும் சீந்தாத இசையைத் தேடிப்பிடித்து, கறுப்பு இசைத்தட்டாகப் போட்டு விற்கிறார் எங்கள் முதலாளி. நாள் முழுக்க ஊசியும் தட்டுமாகவே இருப்பதால் நாங்கள் அவருக்கு வைத்த பெயர் ஊசி. சரக்கு எவ்வளவு விசித்திரமோ அவ்வளவு சீக்கிரம் விற்றுப்போகும். வாங்குவதெல்லாம் இருபது, இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள்.

அப்படித்தான் ஒரு தையல்கார அக்கா ஏழு டேப்புகளோடு வந்தார். அவருடைய அம்மா வீட்டிலேயே பதிவு செய்தவை. தண்ணீர் நிரப்பிய இரும்பு வாளிகள், தையல் மெஷினின் மிதி, ஜன்னல் கம்பியில் இழுத்த வயலின் வில். இதுவும் ஒரு பாட்டா என்று அக்கம்பக்கத்தில் கேலி பேசியிருக்கிறார்கள். ஊசி இரண்டு நிமிடம் கேட்டார். முந்நூறு பிரதி போடலாம் என்று சொல்லிவிட்டார்.

போகும்போது அந்த அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஏழாவது டேப்ப மட்டும் நான் கேட்டதே இல்ல தம்பி. பத்தொன்பது வயசுல சண்டை போட்டுட்டு வீட்டை விட்டு வந்துட்டேன். அதுக்கப்புறம் அம்மா பண்ணினது அது. ஒரே மாசத்துல போய்ச் சேந்துட்டாங்க. அதுல என்னைத் திட்டியிருக்காங்களான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

"நீங்களே கேக்கலாமே அக்கா?"

"முப்பத்தாறு வருஷமா தைரியம் வரல."

ஆறு டேப்புகளைச் சுத்தம் செய்து முடித்தேன். ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் ஒரு பெண் குரல், தேவைக்கு மேல் சத்தமாக, "கேக்குதா?" என்று கேட்கும். உடனே எங்கிருந்தோ டொக்... டொக். பிறகுதான் இசை. மைக்கைச் சோதிக்கிறார் போலிருக்கிறது என்று குரலை விட்டுவைத்தேன். அந்த டொக் டொக் மட்டும் அழுக்காகத் தோன்றியது. கம்ப்யூட்டரில் ஏற்றிய பிரதி ஆறிலும் அதை வெட்டி எறிந்தேன்.

செவ்வாய்க்கிழமை ஊசி தட்டு அச்சடிக்கும் தொழிற்சாலைக்குப் போயிருந்தார். நான் தனியாக ஏழாவது டேப்பை மாட்டினேன். எங்கள் மெஷினில் கேட்க மட்டும்தான் முடியும். பதிவு செய்யும் பாகத்தை எப்போதோ கழற்றிவிட்டோம், தவறிக்கூட ஒரு பழைய டேப் அழிந்துவிடக் கூடாது என்று. இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மணி 3.52.

"கேக்குதா?"

டொக் டொக் வரவில்லை. இசையும் வரவில்லை. வெறும் 'ஸ்ஸ்ஸ்...' என்ற இரைச்சல்.

3.58. "கேக்குதா?" இந்தத் தடவை குரல் கொஞ்சம் கம்மியிருந்தது.

4.05. மறுபடியும். யாரையோ எதிர்பார்த்துச் சலித்துப்போன குரல். கொஞ்சம் முன்னே ஓட்டிப் பார்க்கலாம் என்று பொத்தானில் விரலை வைத்தேன்.

டேப் சுற்றவில்லை.

எப்போது நின்றதோ...

"கேக்குதா?"

ஹெட்போனைக் கழற்றினேன். மெஷினை அணைத்தேன். சிவப்பு விளக்கு அணைந்தது.

"கேக்குதா?"

முதுகுக்குப் பின்னாலிருந்து. சுவருக்குள்ளிருந்து. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் அறையே கிடையாது. நாங்கள் இருப்பது மூன்றாவது மாடி.

கதவு நான்கு எட்டுத் தூரம். கால் நகரவில்லை.

"கேக்குதா...?"

அழுதுகொண்டே கேட்டது.

சத்தியமாகச் சொல்கிறேன், பயத்தைவிடப் பாவமாக இருந்தது. ஆறு டேப்பிலும் நான் வெட்டி எறிந்தவை பதில்கள் என்று அப்போதுதான் உறைத்தது.

சுவரைத் தட்டினேன்.

டொக். டொக்.

கை நடுங்கி, இன்னொன்றும் விழுந்துவிட்டது.

டொக்.

அமைதி. மணி 4.17.

அப்புறம்... சின்னதாக ஒரு சிரிப்பு.

ஊசி திரும்பி வந்த பிறகு, அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு டேப்பை முதலிலிருந்து போட்டேன். "கேக்குதா?" ஒரே ஒரு தடவைதான் வந்தது. உடனே டொக், டொக், டொக். ஒரு சிரிப்பு. பிறகு இருபத்திரண்டு நிமிடம் வாளித் தண்ணீரும் வில்லும். அந்த அம்மா பதிவு செய்ததிலேயே அழகான இசை அதுதான். ஒரு திட்டும் இல்லை. ஊசியிடம் நான் எதுவும் சொல்லவில்லை.

திட்டு எதுவும் இல்லை என்று சொன்னதும், மறுநாள் அந்த அக்கா வந்து டேப்பைக் கேட்டார். மூன்று தட்டு விழுந்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"யாரு தம்பி தட்டினது?"

நான் டேப்பை நிறுத்தினேன்.

"எனக்கு ஆறு வயசானப்பவே அம்மாவுக்குக் காது சுத்தமா போயிடுச்சு. செவிட்டம்மா பாட்டுன்னு சிரிப்பீங்கன்னு உங்ககிட்ட சொல்லல. நான்தான் அடுத்த ரூம்ல ஹெட்போன் மாட்டிட்டு உக்காந்திருப்பேன். டேப்புல சத்தம் ஏறுதுன்னா சுவத்துல ரெண்டு தட்டணும். அம்மா இந்தப் பக்கம் சுவத்துல கை வச்சுத் தெரிஞ்சுக்குவாங்க. ஆனா இதுக்கு நான் இல்லையே... வீட்ல வேற யாருமே கிடையாதே."

அந்த நேரம் பார்த்து ஊசி, இசைத்தட்டின் அட்டையில் போட ஏழாவது டேப்பின் பெட்டியைப் படமெடுத்துக்கொண்டிருந்தார். உள் அட்டையைத் தூக்கியபோது, அடியில் மடித்த தாள் ஒன்று இருந்தது. அக்கா அதைப் பிரித்தார். மேலே தேதி. அதன் கீழே:

"மாலை 4.17. அவள் வந்துவிட்டாள். உள்ளே வர ரோஷம் போலிருக்கிறது, சுவரைத் தட்டிவிட்டுப் போய்விட்டாள். இரண்டு தட்டச் சொன்னால் மூன்று தட்டுகிறாள். கொழுப்பு."

கடைசிச் சொல்லை அக்கா விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"திட்டியிருக்காங்க தம்பி," என்று சொல்லிச் சிரித்தார். பிறகு மேஜையில் தலையைக் கவிழ்த்து அழ ஆரம்பித்தார். "நான் போகவே இல்லையே... ஒரு தடவ போய்த் தட்டியிருக்கலாமே..."

ஆறு டேப்புகளிலும் டொக் டொக்கைத் திரும்பச் சேர்த்துவிட்டேன். முந்நூறும் விற்றுப்போயின. ஏழாவது டேப்பின் அந்த மூன்றாவது டொக்கைக் கேட்டால் ஏனென்று தெரியாமல் அழுகை வருகிறது என்று முன்பின் தெரியாதவர்கள் எழுதுகிறார்கள். அந்தத் தாளின் மேலே இருந்த தேதியை நான் மட்டும் இன்னும் மறக்கவில்லை. அந்தத் தேதிக்கு நான் பிறக்க ஆறு வருஷம் இருந்தது.