பச்சையம்மாளைத் தேடி மரக்காணம் உப்பளத்துக்கு

புதுச்சேரியிலிருந்து கடற்கரைச் சாலையில் மரக்காணம் போக இப்போது ஒரு மணி நேரம்கூட ஆகாது. முப்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். நான் முதல் தடவை போனபோது பாதி நாள் ஆனது. எழுபத்தெட்டு, ஏப்ரல் மாதம். உப்பளத்தைச் சுற்றிப் பார்க்கப் போகவில்லை, அந்த ஊர்ப் பெண் ஒருத்திக்கு நன்றி சொல்லப் போனேன். வழி, பஸ், வெயில் பற்றித் தெரிந்துகொள்ள வந்திருப்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். எல்லாம் வரும். ஏன் போனேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அப்போது நான் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். அதற்கு முந்தைய வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கிளம்பும் அவசரத்தில், பம்ப் ஸ்டவ்வில் காற்றைக் கூடுதலாக அடித்துவிட்டேன். மண்ணெண்ணெய் பீறிட்டுத் தீப்பிடித்தது. இரண்டு கைகளும் முழங்கை வரை வெந்தன, கழுத்தின் ஒரு பக்கமும். என் கணவர் ஆரோக்கியம் வாளித் தண்ணீரை அப்படியே என் மேல் கொட்டினார். அதனால்தான் முகம் தப்பித்தது என்று பிறகு டாக்டர் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் எரிச்சலைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். காலையில் கட்டுப் பிரிப்பதைத்தான் தாங்க முடியவில்லை. இரவெல்லாம் புண்ணோடு ஒட்டிக் காய்ந்துவிட்ட துணியை நனைத்து நனைத்து எடுப்பார்கள். எவ்வளவு பக்குவமாக எடுத்தாலும் புதிதாக வளர்ந்த தோலும் கூடவே வந்துவிடும். டிரெஸ்ஸிங் வண்டியின் சக்கரம் வராந்தாவில் உருளும் சத்தம் கேட்டாலே கண்ணை இறுக மூடிக்கொள்வேன். வண்டி வந்த பிறகு நான் போட்ட சத்தத்தை இங்கே எழுத வேண்டாம்.

ஒரு நாள் டாக்டர் வந்து கட்டில் ஓரமாக உட்கார்ந்தார். "வயித்துல கொழந்தையச் சுத்திப் பனிக்குடம் இருக்கும் பாருங்க, அந்தச் சவ்வை உங்க புண்ணு மேல போடலாம்னு இருக்கேன். வெளி ஊர்லல்லாம் போடுறாங்க. கீழ பிரசவ வார்டுல ஒரு அம்மா தர்றேன்னு சொல்லியிருக்காங்க" என்றார்.

"அது என் தோலா ஆயிடுமா டாக்டர்?"

"ஆகாது. உங்க தோல் அடியில வளர்ற வரைக்கும் மேல மூடியிருக்கும். அப்புறம் தானா காஞ்சி உரிஞ்சிடும்."

மருந்து கலந்த உப்புத் தண்ணீரில் அலசி, ஒரு தட்டில் வைத்துக் கொண்டுவந்தார்கள். வெங்காயச் சருகுக்குள் ஒரு மெல்லிய தோல் இருக்குமே, நனைந்தால் அது எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. டாக்டர் அதை என் விரல் ஒவ்வொன்றிலும் போட்டு, சுருக்கம் இல்லாமல் நீவிவிட்டார். முதலில் சில்லென்றது. கொஞ்ச நேரத்தில், சட்டென்று யாரோ ஜன்னலைச் சாத்தியதுபோல எரிச்சல் அடங்கியது. நான் அழுதேன். நர்ஸ் பயந்துபோய், "வலிக்குதா?" என்றார். வலிக்கவில்லை என்பதால்தான் அழுதேன்.

மறுநாள் வண்டி வந்தது. யாரும் எதையும் பிடுங்கவில்லை. ஓரங்களை மட்டும் பார்த்துவிட்டு, "விரலை மடக்குங்க" என்றார்கள். மடங்கியது. டைப் அடித்துப் பிழைக்கிறவளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை. நாளாக ஆக அந்தச் சவ்வு காகிதம்போல உலர்ந்து உதிர, அடியில் ரோஜா நிறத்தில் என் தோல் தெரிந்தது. வலது மணிக்கட்டில் மட்டும் புண் ஆழம். அங்கே தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்ட வேண்டியிருந்தது.

இதற்கு நடுவில் ஒரு நாள் வார்டு வாசலில் ஒருவர் வந்து நின்றார். காக்கி டிராயர், தோளில் துண்டு, பாதமெல்லாம் வெடிப்பு.

"எம் பேரு முனியன்ங்க. மரக்காணத்துல உப்பளத்து வேலை. எங்க வூட்ல பச்சையம்மாதான் அதைக் குடுத்துது. நல்லா ஒட்டிக்கிச்சான்னு பாத்துக்கினு வரச் சொன்னா."

கைகளை உயர்த்திக் காட்டினேன். குனிந்து பார்த்தார். "பொண்ணு பொறந்திருக்குது" என்று மட்டும் சொல்லிவிட்டு, நான் நன்றி சொல்வதற்குள் இறங்கிப் போய்விட்டார். நான் எழுந்து நடக்கிற நிலைக்கு வந்தபோது அவர்கள் ஊருக்குப் போய்விட்டிருந்தார்கள்.

இனி பயணம். அந்த நாளில் கடற்கரை வழியில் பஸ் குறைவு, ரோடும் பல இடத்தில் பெயர்ந்து கிடந்தது. அதனால் நானும் ஆரோக்கியமும் காலை ஆறு மணிக்குப் புதுச்சேரியில் திண்டிவனம் பஸ் ஏறினோம். கிளியனூர் தாண்டும்போது நல்ல காற்று. திண்டிவனத்தில் இட்லி சாப்பிட்டு, மரக்காணம் பஸ்ஸுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தோம். புதுத்தோலில் வெயில் படக்கூடாது என்பதால் மணிக்கட்டு வரை கை வைத்த ரவிக்கை போட்டிருந்தேன். ஏப்ரல் மாதத்தில் அதைப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருப்பது தனி அனுபவம்.

கண்டக்டர், "உப்பளத்துக்கா? வேலை இல்லாம அங்க யாரும் போக மாட்டாங்களே" என்றார்.

"ஒருத்தரப் பாக்கணும்."

"அப்ப வெயில் உச்சிக்கு ஏறுறதுக்குள்ள பாத்துடுங்க" என்று சொல்லி, ஸ்டாண்டுக்கு முன்னாலேயே ஒரு புளியமரத்தடியில் இறக்கிவிட்டார்.

முனியன் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. வாசலில் அவருடைய அக்கா அஞ்சலை கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். நான் யாரென்று சொன்னதும் அவர் கை நின்றது.

"ஆஸ்பத்திரியில வாங்கிப் போட்டுக்கினது நீங்கதானா?"

"ஆமாங்க."

"நஞ்சுக்கொடின்னு மீதி இருந்ததை என் தம்பி சட்டியில கொண்டாந்து பொதைச்சான். அந்தத் தோலை மட்டும் இவ குடுத்துட்டு வந்துட்டா. கார்த்திகையில கொயந்தைக்கு ஜுரம். ஒடம்பு நெருப்பாக் கொதிக்குது. நெருப்புல வெந்தவங்களுக்குக் குடுத்தா அந்த நோவு கொயந்தைக்கு வராதான்னு அன்னைக்கே கேட்டேன். யாரு கேட்டாங்க?"

"இப்ப கொழந்த எப்படி இருக்கு?" என்று கேட்கக்கூட எனக்குப் பயமாக இருந்தது. ஆரோக்கியம்தான் கேட்டார். "வாங்க, காட்டறேன்" என்று அஞ்சலை எழுந்து முன்னால் நடந்தார்.

முக்கால் கிலோமீட்டர் இருக்கும். இரண்டு பக்கமும் பாத்தி பாத்தியாகத் தண்ணீர், நடுவில் வரப்பு, கண்ணைத் திறக்க முடியாத வெளிச்சம். அழகான இடம்தான். ஆனால் அன்றைக்கு நான் பார்த்தது அஞ்சலையின் முதுகை மட்டும்தான். பிறர் பெற்ற குழந்தையின் உடம்பைக் கெடுத்து என் கையை வாங்கிக்கொண்டேனோ என்ற நினைப்பு, ஒவ்வொரு அடிக்கும் கூடவே வந்தது.

பாத்தியில் நீளக் கம்பு வைத்த பலகையால் உப்பை இழுத்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தாள். என்னைவிடச் சின்னவள். பக்கத்துப் பாத்தியில் இருந்த முனியன் எங்களைக் கண்டு ஏதோ சொன்னதும், பச்சையம்மாள் பலகையை அப்படியே போட்டுவிட்டு வரப்பேறி வந்து, என் கைகளைப் பிடிக்கப் போனவள் நிறுத்தினாள். தன் கையெல்லாம் உப்பு என்று அப்போதுதான் நினைவு வந்திருக்கும். குடத்துத் தண்ணீரில் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து பிடித்தாள். ரவிக்கைக் கையை மெல்ல மேலே ஏற்றி, விரல் விரலாகத் திருப்பிப் பார்த்தாள்.

"காலையில மேல ஒரு சத்தம் வருமே, அது நீங்கதானா?" என்றாள்.

"நாந்தான்."

"ஆபரேசன்னு சொல்லி, நாலு நாள் முன்னாடியே என்னைப் படுக்க வெச்சிட்டாங்க. நானும் வலியில கத்தினேன். கத்தினாலும் கொயந்த வரப் போவுதுன்னு ஒரு நெனப்பு இருந்திச்சி. இந்த அம்மா எதுக்காகக் கத்துறாங்க, இவங்களுக்கு இன்னா வரப் போவுதுன்னு நெனச்சிக்குவேன். நர்சம்மா வந்து கேட்டப்போ சரின்னுட்டேன். மறுநாள் சத்தம் வரலை. செத்துகித்து பூட்டாங்களோன்னு பயம். அதான் அவர மேல அனுப்பிச்சேன்."

ஊரிலிருந்து யோசித்துக்கொண்டு வந்த வார்த்தைகளில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. "கொழந்தைக்கு ஜுரமாமே" என்றுதான் கேட்டேன். "என்னாலயா?"

அவள் அஞ்சலையை ஒரு பார்வை பார்த்தாள். "மழையில எங்க தெருவுல எல்லாக் கொயந்தைக்கும்தான் வந்துச்சி. அவங்கள்லாம் யாருக்கு இன்னா குடுத்தாங்க?"

ஓலைக் கொட்டகையில் சேலையால் ஏணை கட்டியிருந்தது. அஞ்சலை அதற்குள் கைவிட்டுக் குழந்தையைத் தூக்கினார். பத்து மாதம் இருக்கும். தூக்கம் கலைந்த கோபத்தில், கொழுத்த கால்களை உதைத்தது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அஞ்சலை என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். தழும்பும் திட்டுமாக இருந்த அந்தக் கைகளால் நான் அதுவரை யார் குழந்தையையும் தொட்டதில்லை, பெற்றவர்கள் முகம் மாறுமோ என்று.

"புடிங்க" என்றார் அஞ்சலை. "ரெண்டு பேரும் ஒரே தோலுக்குள்ள இருந்தவங்கதான."

வாங்கிக்கொண்டேன். கொண்டுபோன சிவப்பு கவுன் இரண்டு சைஸ் பெரிசு. அதற்கு எல்லோரும் சிரித்தோம், அஞ்சலை உட்பட. மத்தியானம் அவர் வீட்டில்தான் சோறும் கருவாட்டுக் குழம்பும். சாயங்காலம், கீழ்புத்துப்பட்டு வழியாகப் புதுச்சேரிக்குப் போன உப்பு லாரியில் எங்களை முன் சீட்டில் ஏற்றி அனுப்பினார் முனியன்.

போகிறவர்களுக்கு: பிப்ரவரியிலிருந்து ஜூன் வரை உப்பு வாருவதைப் பார்க்கலாம், மழைக்காலத்தில் ஒன்றும் இருக்காது. காலை எட்டு மணிக்குள் போய்விடுங்கள். குடிதண்ணீரும் குடையும் அவசியம். வரப்பில் செருப்போடு ஏறும் முன்னும், வேலை செய்கிறவர்களைப் படம் எடுக்கும் முன்னும் கேட்டுவிடுங்கள். சமையலறையில் யாருக்காவது தீப்பட்டால் இங்க்கும் மாவும் பூசாதீர்கள். நல்ல தண்ணீரை நிறைய ஊற்றி, நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பச்சையம்மாளை அதற்குப் பிறகு பல தடவை போய்ப் பார்த்திருக்கிறேன். ஆனால் அவள் கொடுத்தது கைகளுக்குத்தான் போதுமானதாக இருந்தது. கழுத்தில் போட்டது வேறு இரண்டு தாய்மார்களுடையது. அவர்கள் பேரும் ஊரும் தெரியவில்லை. எனக்கும் இப்போது வயதாகிவிட்டது. ஆனாலும் இந்தக் கரையோர பஸ்ஸில் என் வயதுப் பெண் யாராவது கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றால், எழுந்து இடம் கொடுத்துவிடுகிறேன். "பரவால்லம்மா, நீங்க ஒக்காருங்க" என்பார்கள். நான் உட்காருவதில்லை. அந்த இரண்டு தாய்மார்களில் ஒருத்தியாக இருக்கலாம்.